சொதப்பல் என்னும் சொல்

தோல்விக்குத் தமிழில் சொற்கள் பல இருந்தாலும், கைக்கு எட்டிய காரியத்தைக் கவனக்குறைவால் அலங்கோலமாக்கிவிடுவதைச் ‘சொதப்பல்’ அளவுக்கு நேராகச் சொல்லும் சொல் வேறில்லை என்பது என் எண்ணம். ‘சொதப்பு’ என்னும் வினையோடு ‘அல்’ விகுதி சேர்ந்து, உளறல், திணறல் போலவே பிறந்த தொழிற்பெயர் இது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் ‘சொதசொத’ என்னும் இரட்டைக்கிளவியே நினைவுக்கு வருகிறது. தண்ணீர் ஒரு டம்ளர் கூடிப்போய், பருக்கை பருக்கையாக உதிராமல், அகப்பையில் ஒட்டிக்கொண்டு குழைந்து கிடக்கும் சோற்றை அம்மா அப்படித்தான் சொல்வார். அரிசியும் நல்லது, அடுப்பும் எரிந்தது, அளவுதான் தவறியது. நன்றாகப் படித்தவர் நேர்காணலில் நாக்குழறி நின்றால், ‘தோற்றார்’ என்னாமல் ‘சொதப்பிவிட்டார்’ என்கிறோம். அவருடைய திறமையை மறுக்காத அந்தக் கனிவுக்காகவே இச்சொல்லை நான் மிகவும் நேசிக்கிறேன்.