தமிழ்நாட்டில் சில மாதம் தங்கப் போகும் மலேசியாவின் சுங்கை சிப்புட் மக்களுக்கு

30 நாள் இ-விசாவில் போய் அங்கே நீட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சுற்றுலா இ-விசாவை நீட்டிக்க முடியாது. நீண்ட நாள் தங்க 1 வருட, 5 வருட விசா உண்டு. 30 நாள் விசா இறங்கிய நாளிலிருந்து ஓடும். 1 வருட, 5 வருட விசாக்கள் அனுமதி கிடைத்த நாளிலிருந்தே ஓடும். 1 வருட விசா என்றால் வருடம் முழுக்கத் தங்கலாம் என்று பொருளல்ல.

பாஸ்போர்ட் 6 மாதம் செல்ல வேண்டும், 2 வெற்றுப்பக்கம் வேண்டும். விண்ணப்பத்தில் ஏற்றும் பாஸ்போர்ட் நகல் பிடிஎஃப், 300 கேபிக்குள். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் விசா செல்லாது, கட்டணமும் திரும்பாது.

அடிக்கடி போகிறவர்கள் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் அட்டை) எடுங்கள், அதுதான் நல்லது. ஆயுள் முழுக்கச் செல்லும், போலீஸ் பதிவும் வேண்டாம். பூட்டன் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றாலும் தகுதி உண்டு. சிக்கல் ஆதாரத்தில்தான்: உங்கள் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), அப்பாவுடையது, தாத்தாவுடையது என்று சங்கிலி அறுபடாமல் வேண்டும். தோட்டத்துப் பதிவில் 'முனியாண்டி' ஒரு தாளில் 'முனியண்டி' ஆகியிருக்கும். அதை முதலில் சரிபாருங்கள். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் தகரப்பெட்டியில் கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், அதுவும் ஆதாரம்தான்.

ஓசிஐ இருந்தாலும் அங்கே விவசாய நிலம் வாங்க முடியாது.