இரண்டு முறை கட்டிய என்ஜின்

என் கைக்கு வந்தபோது அந்த மொபெட் என்ஜினில் பாதி ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தது, மீதி ஓர் அட்டைப்பெட்டியில் கிடந்தது. பெட்டிக்குள் கார்புரேட்டர், பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னட்டின் மூடி, எங்கே போட வேண்டும் என்று தெரியாத ஏழு போல்ட், காய்ந்துபோன ஒரு சிலந்தி. “பிஸ்டன் லேசா பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்” என்றார் கொடுத்தவர். பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி, பத்து நாள் ஊறவிட்டு, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி மரக்கட்டை வைத்துத் தட்டிய பிறகுதான் அது ஒரு நூல் அளவு நகர்ந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒற்றைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 38 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 43. கணக்குப் போட்டால் 48.8 சிசி. சிலிண்டர் சுவரில் துரு தின்ற குழிகள் இருந்ததால் லேத்தில் கொடுத்துப் போர் பண்ணி, அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கினேன். 38.5-க்கு மறுபடி கணக்குப் போட்டேன்: 50.06 சிசி! பல நாடுகளில் மொபெட் என்றால் 50 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். 0.06 சிசியில் என் வண்டி மோட்டார் சைக்கிளாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை.

பிஸ்டன் மாட்டும்போது செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்டனின் குறுக்கே போகும் பின்னைப் பிடித்து வைக்கும் சர்க்லிப் இருக்கிறதே, நகக்கண் அளவு கம்பி, அதை அழுத்தும்போது விரலை விட்டுத் துள்ளி நேராகப் பிஸ்டனுக்கு அடியில் உள்ள கிராங்க் கேஸுக்குள் விழுந்தது. கேஸ் வாயில் ஒரு துணியை அடைத்துவிட்டு வேலை செய்திருக்க வேண்டும். காந்தக் குச்சியை விட்டு முக்கால் மணி நேரம் துழாவி எடுத்தேன். அப்புறம் ரிங். டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்துக்குள் ஒரு குட்டி முளை இருக்கும். ரிங்கின் இரண்டு நுனியும் அந்த முளையை அணைத்தபடி உட்கார வேண்டும். இல்லையென்றால் ரிங் சுழன்று, நுனி சிலிண்டர் சுவரில் கலவை போய்வரும் போர்ட் ஜன்னலில் மாட்டி ஒடிந்துவிடும். அதில் மட்டும் நான் அவசரப்படவில்லை.

பிளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்ட்டை உரசிச் சுத்தம் செய்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். கண்டன்சர் புதிது. கார்புரேட்டர் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் நுண்துளையில், பழைய பெட்ரோல் பிசின்போல் உறைந்திருந்தது, ஊறவைத்து ஊதினேன். லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து பெட்ரோல் ஊற்றி மிதித்ததும் ஆறாவது மிதியில் கிளம்பிவிட்டது.

கிளம்பியது சரி, அடங்கத்தான் மறுத்தது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் கத்திக்கொண்டே இருந்தது, நிதானமான ஐடிலுக்கு வரவே இல்லை. நான் கார்புரேட்டரைக் குற்றவாளி என்று முடிவு கட்டி, மூன்று வாரம் ஜெட்டையும் ஊசியையும் மாற்றி மாற்றிப் போட்டேன். பிளக்கைக் கழற்றினால் பழுப்பாக இருக்க வேண்டிய முனை சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. கலவையில் பெட்ரோல் குறைகிறது என்பதன் அடையாளம் அது; கண்ணால் பார்த்தும் புத்திக்கு எட்டவில்லை. ஒரு மேட்டில் முழு ஆக்சிலேட்டரில் ஏறும்போது ‘கிரீச்’ என்று ஒரு சத்தம், பின்சக்கரம் இழுபட்டு நின்றுவிட்டது. புதுப் பிஸ்டனின் பக்கவாட்டில் அலுமினியம் உரிந்து சிலிண்டரில் அப்பியிருந்தது.

கோளாறு மேலே இல்லை, அடியில் இருந்தது. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குத்தான் போகும். பிஸ்டன் இறங்கும்போது அங்கே அழுத்தம் ஏறி, அந்தக் கலவை மேலே தள்ளப்படும். ஆக, கிராங்கின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் காற்றைப் பிடித்து வைத்தால்தான் எல்லாம் நடக்கும். மேக்னட் பக்கச் சீல் காய்ந்து விறைத்துவிட்டால் அந்த வழியாக வெறும் காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கியர் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாக விடும், அதாவது கண்ணால் பார்க்கலாம். எனக்குப் போனது மேக்னட் பக்கம்.

கேஸைப் பிளந்தேன். பிளந்ததும் பிளந்தோம் என்று பேரிங்கும் புதிது: 6203, உள்ளே 17, வெளியே 40, தடிமன் 12 மில்லிமீட்டர். இரும்பைவிட அலுமினியம் சூட்டில் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். கேஸை நூறு டிகிரிக்குச் சுட வைத்து, பேரிங்கை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன். (“ஐஸ் தட்டுக்குப் பக்கத்துல இது என்ன வளையம்?” என்ற விசாரணை தனிக்கதை.) தண்ணீர்த் துளி பட்டுச் சுர்ரென்றதும் பேரிங்கைக் கையால் விட்டேன். சுத்தியலே இல்லாமல் ‘டொக்’ என்று இறங்கி உட்கார்ந்தது. இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த சத்தம் அதுதான்.

புதுச் சீல் போட்டு, இன்னொரு பிஸ்டன் வாங்கி மூடிய பிறகு இந்த முறை மிதித்துப் பார்க்கவில்லை. கார்புரேட்டர் வாய், சைலன்சர் வாய் இரண்டையும் ரப்பர் வைத்து அடைத்தேன். பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்தினேன், அப்போதுதான் போர்ட் திறந்து காற்று கீழே வரை போகும். உள்ளே குடைந்த பழைய பிளக் ஒன்றில் குழாயைச் செருகி, வீட்டில் இருந்த முள் வைத்த பழைய ரத்த அழுத்தக் கருவியின் பம்பை இணைத்து அழுத்தினேன். முள் 250-க்கு ஏறியது. உடனே இறங்க ஆரம்பித்தது. சோப்பு நீரைத் தடவிக்கொண்டே வந்தால், சீலில் ஒன்றுமில்லை, சிலிண்டருக்கு அடியில் உள்ள பேக்கிங்கில் கடுகு கடுகாய்க் குமிழி. நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கினேன். மறுபடி 250. முள் அசையாமல் நின்றது. பெட்டியைத் திறந்து பழைய சீலை எடுத்து வளைத்துப் பார்த்தேன், உதடு பிளாஸ்டிக்போல் வெடித்தது.

அடுத்த நாள் இரண்டாவது மிதியிலேயே கிளம்பி, ஆக்சிலேட்டரை விட்டதும் பதமாக இறங்கி டப் டப் என்று நின்று ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் சிலை மாதிரி நிற்கும்போது உள்ளேயிருந்து அம்மா குரல்: “டேய், என் பிரஷர் மிஷின்ல ஏன்டா பெட்ரோல் வாடை அடிக்குது?”