தெற்கிலிருந்து வந்த கிழங்குகள்

ஜனவரி 14, 2024, லண்டன்
ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து டெரோஸ்டைலிஸ் கர்ட்டா என்ற தரை ஆர்க்கிட்டின் கிழங்குகள் வந்துவிட்டன. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டீஸ் அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் கூடவே. பட்டாணி அளவு வெள்ளை உருண்டைகள், ஒரு முனையில் முளைக்கண். அங்கே நடுக்கோடை, இவை உறங்கும் பருவம். இங்கே வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கிறது.

செப்டம்பர் வரை உலர வைத்து நட்டால் இங்கத்திய பருவத்துக்கு நேராகிவிடும் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கிழங்கு ஒரு வருஷத்துச் சேமிப்புதான். அதற்குள் புதுக் கிழங்கு விட்டாக வேண்டும். அவ்வளவு மாதம் காயப்போட்டால் சுருங்கிவிடும். நாளைக்கே நடுகிறேன். குட்டைப் பருவமானாலும் வளரட்டும்.

பிப்ரவரி 25
முளை எட்டிப் பார்க்கிறது. பாதி கரடான மணல், மீதி இலைமட்கும் மட்கிய மரப்பட்டையும். மேலே நறுக்கிய பைன் இலை. ஆஸ்திரேலியாவில் சவுக்கிலையைத் தூவுவார்கள். நம் கடற்கரைத் தோப்புகளில் சருகாகக் குவிந்து கிடக்கிறதே, அந்தக் குடும்பம்தான். இங்கே கிடைத்தால் வாங்கியிருப்பேன்! குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் மழைநீர் மட்டும்.

ஜூன் 9
இலை மஞ்சளாகிவிட்டது, தண்ணீரை நிறுத்தினேன். ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பழைய கிழங்கு பழுப்புத் தோலாக வற்றியிருக்கிறது. நூல் போன்ற வெள்ளை வேர்களின் நுனியில் புதுக் கிழங்குகள். வாங்கியவற்றைவிடச் சிறியவை, ஆனால் கெட்டியானவை. பூவே இல்லாமல் போனாலும் இந்த வருஷத்துக்கு இது போதும்.

செப்டம்பர் 15
மறுபடி தண்ணீர்.

டிசம்பர் 21
மாதத்தை ஆறு தள்ளிப் புரட்டினால் மட்டும் போதாது, பகல் நீளமும் வேறு. விக்டோரியாவின் மெல்போர்னில் மிகக் குட்டையான பகலே ஒன்பதரை மணி நேரம். இங்கே எட்டுக்கும் குறைவு. தொட்டிகளைக் கண்ணாடியை ஒட்டி மேல்தட்டுக்கு ஏற்றினேன். இரவில் உறைபனி படாத அளவுக்கு மட்டும் ஹீட்டர். அதிகச் சூடு கொடுத்தால் இந்த மங்கல் வெளிச்சத்தில் இலை வெளிறி நீண்டுவிடும்.

மார்ச் 16, 2025
பூத்துவிட்டது! பச்சை முக்காட்டுக்குள்ளிருந்து உதடு எனப்படும் பழுப்பு இதழ் ஒருபக்கமாக முறுக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. புல் நுனியால் தொட்டதும் சட்டென்று உள்ளே மடங்கியது. காட்டில் பூஞ்சை ஈ இப்படித்தான் சிக்கும். வெளியேற ஒரே இடுக்கு வழி. அதில் நுழைந்து போகும்போது முதுகில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். 1870களிலேயே நியூசிலாந்தில் தாவரவியலாளர் சீஸ்மன் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். உதடு பழையபடி கீழிறங்கும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த தண்டிலும் மொட்டு தெரிகிறது. தொட்டி நெருக்கமாகிவிட்டது, கோடையில் கிழங்குகளைப் பிரித்து நட வேண்டும், அதற்குள் மணலைச் சலித்து வைக்கிறேன்.