பல்லிக்கு விலை எழுதிய வேலை

சிகாகோவின் புறநகர் ஒன்றில், பகலில் அலுவலக வேலையும் மாலையில் பல்லி வளர்ப்புமாக இருந்த ஒருவரிடம் வார இறுதிகளில் உதவியாளனாக இருந்தேன். அவர் வளர்த்தவை லெப்பர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லிகள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட நிலத்துக்குரிய இந்தப் பிராணி, அமெரிக்காவில் பல தலைமுறைகளாக வீடுகளிலேயே பெருக்கப்பட்டு வருகிறது. பெட்டிகளைத் துடைப்பதும் புழுக்களுக்குக் கால்சியம் தூள் தூவிப் போடுவதுமே என் வேலையில் பெரும்பகுதி. டின்லி பார்க்கில் நடக்கும் ஊர்வனக் கண்காட்சி நெருங்கும்போது மட்டும் விலைச்சீட்டு எழுதும் பொறுப்பும் சேர்ந்துகொள்ளும்.

செலவைக் கூட்டி, அதன்மேல் லாபம் வைத்து விலை சொல்வார்கள் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். செலவுக் கணக்கு இருக்கத்தான் செய்தது. ஒரு பெண் பல்லி ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டைகளை இடும். ஒரு பருவத்தில் பல தடவை இடும். அடைகாப்புப் பெட்டியின் மின்சாரம், குஞ்சு ஏறக்குறைய 15 கிராம் எடைக்கு வரும்வரை போடும் தீனி, கண்காட்சி மேசைக்கான வாடகை எல்லாம் அதில் ஏறும். ஆனால் அந்தத் தொகை சீட்டில் எழுதும் விலையைத் தீர்மானித்ததே இல்லை. சாதாரண மஞ்சள் நிறத்தில் கரும்புள்ளியுள்ள பல்லியைப் பெரும்பண்ணைகள் ஆயிரக்கணக்கில் பெருக்கி, செல்லப்பிராணிக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுகின்றன. அந்த விலையோடு போட்டியிட்டால் வீட்டில் வளர்ப்பவருக்குத் தீனிச் செலவுகூடத் தேறாது. அதனால் அவர் விலைபேசியதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்து: அந்தப் பல்லியின் பெற்றோர் யார், அதன் மரபணுவில் என்ன இருக்கிறது என்ற பதிவு.

இதற்குக் கறுப்பு நிறமி இல்லாத அல்பினோ வகைகளே நல்ல எடுத்துக்காட்டு. 1990களில் ட்ரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என மூன்று அல்பினோ வம்சவழிகள் தனித்தனியே தோன்றின. மூன்றும் ஒடுங்கு பண்புகள்தாம், அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிபவை. ஆனால் வெவ்வேறு மரபணுக்களால் வருபவை. ஒரு ட்ரெம்பரையும் ஒரு பெல்லையும் இணைசேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் அத்தனையும் சாதாரண நிறத்தில்தான் இருக்கும். வழி தெரியாத அல்பினோவை வாங்குபவர், அதை எதனோடு இணைசேர்ப்பது என்று தெரியாமல் ஒரு பருவத்தை இழக்க நேரிடும். ஆகவே பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த இரண்டு அல்பினோக்களுக்கு, ஒன்றின் பெற்றோர் பதிவில் இருந்தார்கள், மற்றதன் பெற்றோர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இருவேறு விலைகளை எழுதியிருக்கிறேன்.

பண்பை மறைவாகச் சுமக்கும் பல்லியை ‘ஹெட்’ என்பார்கள். இரண்டு ஹெட்கள் சேர்ந்தால் நாலில் ஒரு குஞ்சு அல்பினோவாகும். மீதியுள்ள சாதாரணக் குஞ்சுகளில் மூன்றுக்கு இரண்டு அந்தப் பண்பைச் சுமக்கும், எவை என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவற்றின் சீட்டில் ‘66 சதவீதம் ஹெட்’ என்று எழுதுவோம். இதைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்பவர்கள் உண்டு. என் முதலாளி கேட்கமாட்டார். இருக்கக்கூடும் என்பதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியென்றே பட்டது.

பாலினமும் விலையில் ஏறும். ஓர் ஆண் பல பெண்களுக்குப் போதும் என்பதால் பெண்ணுக்கே கிராக்கி. இந்த இனத்தில் பாலினத்தை முடிவு செய்வது அடைகாக்கும் வெப்பநிலை: 26 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பெரும்பாலும் பெண், 32 டிகிரியைச் சற்றுத் தாண்டினால் பெரும்பாலும் ஆண். குஞ்சுப் பருவத்தில் உறுதியாகப் பார்த்துச் சொல்ல முடியாததால், ‘வெப்பநிலைப்படி பெண்’ என்று சீட்டில் குறிப்போம். அதை வாங்குபவர் எங்கள் வெப்பமானியை நம்பித்தான் வாங்குகிறார்.

புது நிறம் ஒன்று வந்தால் அதன் விலை எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அதன் மரபு முறையே சொல்லிவிடும். மேக் ஸ்னோ என்ற நிறவகை போன்ற பண்பு ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும். ஒரே ஒரு பல்லியை வாங்கியவர்கூட அடுத்த கோடையில் விற்பனையாளராகிவிடுவார், சில பருவங்களில் விலை சரியும். ஒடுங்கு பண்புக்கு இரண்டு தலைமுறை தேவைப்படுவதால் சரிவு சற்று மெதுவாக வரும். நெதர்லாந்தில் உருவான பிளாக் நைட் வேறு கதை. அந்தக் கறுப்பு ஒற்றை மரபணுவால் வருவதில்லை, ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தது. வேறு வகையோடு கலந்தால் மங்கிவிடும். எல்லாராலும் எளிதில் படியெடுக்க முடியாததால்தான் அது ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோனது.

லெமன் ஃப்ராஸ்ட் என்ற இன்னொரு நிறவகையின் விலை விழுந்ததற்கு மரபு முறை காரணமில்லை. மஞ்சளும் வெண்மையும் பளிச்சிடும் அந்த நிறத்தை எல்லாரும் விரும்பினார்கள். பிறகு அந்தப் பல்லிகளின் தோலில் கட்டிகள் வரத் தொடங்கின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, நிறத்தையும் கட்டியையும் ஸ்பிண்ட்1 என்ற ஒரே மரபணுவோடு இணைத்துக் காட்டியது. இந்த வகைப் பல்லிகளில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றுக்குக் கட்டி வந்திருந்தது. நிறத்தை வைத்துக்கொண்டு நோயை மட்டும் கழித்துவிடலாம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அதன்பின் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது. தலை சாய்ந்து, இரையைக் குறிபார்க்க முடியாமல் சுற்றும் எனிக்மா வகையையும் என் முதலாளி வளர்க்க மறுத்துவிட்டார். கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

கண்காட்சியின் கடைசி மணிநேரத்தில் பல மேசைகளில் விலை பாதியாகும். கோடையில் எல்லார் வீட்டிலும் ஒரே சமயத்தில் குஞ்சு பொரித்திருப்பதால் இலையுதிர்காலக் கண்காட்சியில் இது இன்னும் அதிகம். எங்கள் மேசையில் விலையைக் குறைக்காமல் ஒரு டப்பா புழுவைக் கூடவே கொடுப்போம்; காலையில் முழு விலை கொடுத்தவர் மாலையில் அதே வழியாகத் திரும்பி நடந்து வருவார் என்பது முதலாளி சொன்ன காரணம். விற்காதவற்றை வீட்டுக்கு எடுத்துவந்து, அவற்றின் தீனிச் செலவை ஏட்டில் ஏற்றுவார். அந்த ஏட்டை விலை வைக்க அவர் ஒருபோதும் எடுத்ததில்லை. அடுத்த பருவத்தில் எத்தனை பெண் பல்லிகளை இணைசேர்ப்பது என்று முடிவெடுக்கும் ஜனவரியில்தான் எடுப்பார்.