நரம்புக் குழாய் களிமண் மாதிரி: பொருத்து ஒருவழியாக நின்றது

கடைசியில் வெடிக்காமல் காய்ந்துவிட்டது! நரம்புக் குழாய் என்றால் பின்னால் மூளையும் முண்ணாணும் ஆகப்போகும் குழாய். இது கருக்கட்டி 22ஆம் நாள் முளையம், 100 மடங்கு பெருப்பித்தது. உண்மையில் 3 மில்லிமீற்றர் அளவில் இருப்பது என் மேசையில் 30 சென்ரிமீற்றருக்குக் கிடக்கிறது. குழாயாகச் சுருளப்போகும் நரம்புத் தட்டு, அதன் நடுவில் விழும் தவாளிப்பு எல்லாம் விடுங்கள், தட்டை மண்ணை யாரும் வளைப்பார்கள். தட்டின் இரண்டு ஓரமும் மடிப்பாக எழுந்து முதுகுப்பக்கம் வந்து ஒட்டுகிற அந்தக் கோடுதான் உயிரை வாங்கியது.

காரணம் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று. திருகோணமலையில் அது அடிக்கிற மாதங்களில் ஈரமண் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மாதிரியின் உடம்பு ஈரமாகவே இருக்கும், மடிப்பின் ஓரம் அப்பளமாகிவிடும். அதில் மண்கூழ் பூசி ஒட்டினால், கூழ் சுருங்கும்போது பொருத்து வாயைப் பிளக்கும். இப்போது ஓரங்களுக்கு மட்டும் ஈரச்சீலை போடுகிறேன். கூழில் தண்ணீருக்குப் பதிலாக வினாகிரி, அதோடு ஊறவைத்துப் பிசைந்த ரிஷூக் கடதாசி. ஓரங்களைக் கீறிவிட, நுனியை அராவிய சைக்கிள் சில்லுக் கம்பி. கடையில் விற்கிற மண்கருவிப் பெட்டி ஒன்றும் இதற்கு ஈடில்லை.

அடுத்தது ஒட்டுகிற ஒழுங்கு. ஒரு அந்தத்தில் தொடங்கினால் குழாய் முறுகிக்கொண்டு போகும். முளையமே வழி காட்டுகிறது: அது கழுத்து வரப்போகும் இடத்தில், நாலாம் ஐந்தாம் சோமைற் சோடிகளின் (குழாயின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும் இழையக் கட்டிகள்) மட்டத்தில் தொடங்கி, மேலும் கீழுமாக மூடிக்கொண்டு போகிறது. நானும் நடுவில் ஒரு விரலகலம் ஒட்டிவிட்டு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று போனேன். முறுகவேயில்லை.

குழாயின் உள்ளே உள்ள வெற்றிடம் அமுங்காமலிருக்க, ஐஸ் பக்கெட் அடைக்கிற ஒடுங்கிய பொலித்தீன் குழாயில் காய்ந்த கடற்கரை மணலை நிரப்பி உள்ளே வைத்தேன். இந்தக் கட்டத்தில் இரண்டு அந்தமும் திறந்துதான் இருக்கும். மண் இறுகியதும் மணலைக் கொட்டிவிட்டு உறையை உருவ வேண்டியதுதான்.

பொருத்தில் பிதுங்கிய மண்ணை வழிக்கவில்லை, பச்சை பூசினேன். மடிப்புகளின் விளிம்பிலிருந்து பிரிகிற நரம்பு முகட்டுக் கலங்கள் ஏறத்தாழ அங்கேதான் இருக்கும். முண்ணாணுக்கு வெளியே உள்ள புலன் நரம்புத் திரட்டுகள், தோலின் நிறக் கலங்கள், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரீனற் சுரப்பியின் உட்பகுதி எல்லாம் அதிலிருந்து வருபவை. பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இந்தப் பச்சையைத்தான்.

தங்கச்சி மட்டும் இரண்டு அந்தத்திலும் உள்ள ஓட்டைகளைக் கேட்டாள். மேல் வாய் 25ஆம் நாளளவில் மூடும், கீழ் வாய் 28ஆம் நாளளவில். மேலது மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாகாது. கீழது மூடாவிட்டால் முள்ளந்தண்டுப் பிளவு. “அதுக்குள்ள பிள்ளை தங்கினதே கனபேருக்குத் தெரியாதே அண்ணா” என்றாள். அதனால்தான், இப்படி மூடாமல் போவதைக் குறைக்க, கருத்தரிக்க முதலே நாளுக்கு 400 மைக்கிரோகிராம் போலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஜேர்மனியில் பிரீட்ரிக் சீக்லர் 19ஆம் நூற்றாண்டில் முளைய மாதிரிகளை மெழுகில் செய்து விற்றார். கச்சானுக்கு மெழுகு வெடிக்காது, ஆனால் என் தகரக் கொட்டிலில் மத்தியானம் தாண்டாது.

மேற்பூச்சு இன்னும் முடியவில்லை, அதற்குள் ஐந்தாம் கிழமை மூளையில் மனம் போய்விட்டது. குழாயின் மேல் அந்தத்தில் மூளையாகப்போகும் மூன்று குமிழ் ஐந்தாகிற கட்டம். நடுமூளையிலும் கழுத்திலும் வளைவு ஒரு பக்கம், பின்மூளையில் எதிர்ப்பக்கம். அந்த எதிர்வளைவில்தான் பின்மூளையின் கூரை மெலிந்து, நாலாவது மூளை அறை சாய்சதுரமாக விரியும். அந்தக் கட்டத்தில் இரண்டு வாயும் மூடிவிட்டதால் மணல் உள்ளேயே கிடக்கட்டும். உள்ளுக்கு வளையக்கூடிய அலுமினியக் கம்பி வேண்டும். என்.சி. வீதிப் பக்கம் கேட்டால் கரண்டு வயர்தான் காட்டுகிறார்கள், கொழும்பிலிருந்து எடுப்பித்தால் மண்ணைவிடக் கூலி கூட. கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கி, துருப்பிடிக்காமல் வார்னிஷ் அடித்துப் பார்க்கலாமென்று இருக்கிறேன். வாடை தொடங்கமுன் முடிக்கவேண்டும், அதற்குப்பிறகு எதுவும் காயாது.