கோவளம் மணலில் எட்டு மீட்டர் பாய்மரம்

இன்று விடியற்காலைதான் மதுரையில் வந்து இறங்கினேன். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த கோடு. தோள்பட்டை வெயிலில் கன்றிப் போயிருக்கிறது. குளித்துவிட்டு, தூங்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். எந்தப் பின் எங்கே போனது, எந்தக் கயிறு எந்த வழியாக ஓடியது என்பதெல்லாம் இரண்டு நாள் போனால் மறந்துவிடும்.

விஷயம் இதுதான். திருவான்மியூரில் இருக்கும் என் பெரியம்மா மகன், இரண்டு நண்பர்களோடு பங்கு போட்டு, ஹோபி 16 என்ற இரட்டை உடல் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். புதுச்சேரியிலிருந்து மினி லாரியில் துண்டு துண்டாக வந்து, சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்தில் ஒரு சவுக்குத் தோப்பில் கிடந்தது. "கோக்க ஆள் பத்தலம்மா, சனி ஞாயிறு வர்றியா?" என்று அண்ணன் போன் பண்ணினார். சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தனியாகப் பாய் பிடித்து ஓட்டியதைப் பார்த்ததிலிருந்து, ஒருமுறையாவது பாய்மரப் படகில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. போனை வைத்த கையோடு டிக்கெட் போட்டேன்.

பஸ் படு மோசம். வெள்ளிக்கிழமை ராத்திரி என்பதால் ஆம்னி பஸ்ஸில் மேல் படுக்கைக்கு 1,150 ரூபாய். ஏசியிலிருந்து தண்ணீர் நேராக என் தலையணையில் சொட்டியது. கிளீனரிடம் சொன்னேன். துண்டு ஒன்றைச் சொருகிவிட்டுப் போனார், திருச்சி வருவதற்குள் அதுவும் நனைந்துவிட்டது. இதற்கு எதற்கு ஏசிக் கட்டணம்? அரசு விரைவுப் பேருந்தில் பாதிக் காசுக்குக் காய்ந்த படுக்கையில் வந்திருக்கலாம்.

காலை ஏழரைக்குக் கிளாம்பாக்கம். தென்மாவட்ட பஸ்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுவதால் ஊருக்குள் போகிறவர்களுக்குச் சிரமம். ஆனால் கோவளம் போக நகரத்துக்குள் நுழையவே வேண்டாம், வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் போதும். இங்கேதான் ஏமாந்தேன். ஆட்டோக்காரர் 600 என்றார், கோவளம் என்று தெளிவாகச் சொல்லித்தான் ஏறினேன். கேளம்பாக்கம் ஜங்ஷனில் வண்டியை ஓரம் கட்டி, "கேளம்பாக்கம் வரைக்கும்தான் பேசினோம், கோவளத்துக்கு இன்னும் 300" என்றார். பையும் வெயிலுமாக நடுரோட்டில் என்ன வாதாடுவது? பேரம் பேசி 200 கொடுத்தேன். வண்டலூரிலிருந்து மாநகரப் பேருந்திலேயே கேளம்பாக்கம் வந்திருந்தால் மொத்தமாக நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. நீங்கள் போனால் பஸ்ஸில் போங்கள்.

தோப்பில் அந்தப் படகைப் பார்த்த நிமிடம் எல்லாம் பறந்துவிட்டது.

வாழைப்பழம்போல் வளைந்த இரண்டு வெள்ளை உடல்கள், ஒவ்வொன்றும் ஐந்து மீட்டர் நீளம். இரண்டு அலுமினியக் குறுக்குக் குழாய், இரண்டு பக்கக் குழாய், கறுப்பு வலைத்துணி, எட்டு மீட்டர் உயரப் பாய்மரம், சுருட்டிய பாய், ஒரு சாக்கு நிறையக் கம்பியும் கயிறும். எல்லாம் சேர்ந்து 145 கிலோதான். கலிபோர்னியாவில் சர்ஃபிங் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர் என்பவர் வடிவமைத்தது, சுமார் 55 வருடமாக உலகம் முழுக்க ஓடுகிறது. படகு பக்கவாட்டில் தள்ளப்படாமல் இருக்க, மற்றப் படகுகளில் அடியில் ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கும். இதில் அது கிடையாது. உடலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வெவ்வேறு வளைவில் இருப்பதே அந்த வேலையைச் செய்கிறது. அதனால் துறை, ஜெட்டி எதுவும் வேண்டாம், மணலிலிருந்து நேராக அலைக்குள் தள்ளலாம், திரும்ப மணலிலேயே ஏற்றலாம். நம் கடற்கரைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது.

முதலில் சட்டம். இரண்டு உடலையும் பழைய டயர்மேல் இணையாக வைத்தோம். ஒவ்வொரு உடலிலிருந்தும் இரண்டு குட்டைத் தூண்கள் மேலே நிற்கும். குறுக்குக் குழாய்களையும் பக்கக் குழாய்களையும் கோத்து, நான்கு மூலை வார்ப்புகளையும் அந்த நான்கு தூண்களில் ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். மூன்று மூலை உட்காரும், நாலாவது எகிறும். உப்பும் மணலும் இறுகிப் போயிருந்தன. தூண்களைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியால் மூலைமூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினோம். ஒரே மூலையில் ஓங்கி அடித்தால் வார்ப்பு விரிசல் விட்டுவிடும் என்று அண்ணன் கத்திக்கொண்டே இருந்தார். இதற்கு மட்டும் மூன்று மணி நேரம்.

அப்புறம் வலைத்துணி. அதன் ஓரங்களைக் குழாய்களில் உள்ள பள்ளத்தில் நுழைத்து இழுத்து, நடுவிலும் பின்னாலும் கயிறு கோத்து இறுக்க வேண்டும். உட்காருவது, நடப்பது எல்லாம் அதன்மேல்தான். சட்டத்தை விறைப்பாகப் பிடித்து வைப்பதும் அதுதான், துணி தொய்ந்தால் படகே ஆடும். அண்ணன் வாங்கி வைத்திருந்த நைலான் கயிற்றில் நாங்கள் இருவரும் மூச்சு முட்ட இழுத்துக் கட்டினோம். ஏறி நின்றால் தொட்டில்போல் தொங்கியது.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார். "இன்னாமா, நைலானுல கட்டிக்கீறீங்க? தண்ணி பட்டா நீண்டுக்கும்மா இது."

உண்மைதான். நைலான் நனைந்தால் நீளும், பாலியஸ்டர் அவ்வளவாக நீளாது. அவர் கட்டைப் பிரிக்கச் சொன்னார். அப்புறம் உட்கார்ந்து, சட்டத்தின்மேல் ஒரு காலை ஊன்றி, ஒரு கண்ணி இழுத்ததும் அந்தக் கண்ணில் ஒரு குச்சியைச் செருகி நழுவாமல் நிறுத்தி, அடுத்த கண்ணிக்குப் போனார். நடுவிலிருந்து இரண்டு பக்கமும். இழுத்ததில் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. அதே நைலான், அதே துணி, இப்போது தட்டினால் பறைபோல் அதிர்ந்தது.

அவருடைய அப்பா காலத்தில் கட்டுமரம் கரையேறியதும் தினமும் கட்டைப் பிரித்து மரங்களைக் காயப் போடுவார்களாம், மறுபடி கடலுக்குப் போகும்போது புதிதாகக் கட்டுவார்களாம். அவரும் இளவயதில் கட்டியிருக்கிறார். இப்போது எல்லாரிடமும் ஃபைபர் படகு. கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் கேடமரான் என்று எடுத்துக்கொண்டார்கள். சோழமண்டலக் கரையில் இப்படிச் சொல்கிறார்கள் என்று வில்லியம் டாம்பியர் 1697இல் அச்சிலேயே எழுதியிருக்கிறார். பிற்பாடு அந்தப் பெயர் பசிபிக் தீவுக்காரர்கள் பாணியில் செய்த இரட்டை உடல் படகுக்குப் போய்விட்டது. இது வேறு, அது வேறு என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆணி இல்லாமல் கட்டின இறுக்கத்திலேயே அலையில் நிற்க வேண்டும் என்பது இரண்டுக்கும் ஒன்றுதான். கட்டத் தெரிந்த கை எது என்பதை நேரில் பார்த்தேன்.

சாக்கைக் கொட்டி எண்ணியபோது இன்னொரு சிக்கல். பாய்மரத்தை முன்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் முன்கம்பியை மாட்டும் பின் ஒன்று இல்லை, பின்கள் கழன்றுவிடாமல் பூட்டும் வளையங்களில் பாதி துருப்பிடித்தவை. மறுநாள் ஞாயிறு, பாரிமுனையில் கடை இருக்காது. சரி, இப்போதே போகலாம் என்று மூன்றரைக்குக் கோவளத்தில் பஸ் பிடித்து, பாரிமுனைச் செம்புதாஸ் தெரு போய்ச் சேர ஆறு ஆகிவிட்டது.

மூன்று கடை ஏறி இறங்கினோம். இரண்டு கடைக்காரர்கள் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள், நல்ல ஸ்டீல் என்றார்கள். அது போதாது. 304 ரகமும் காந்தத்தில் அநேகமாக ஒட்டாது, 316 ரகமும் ஒட்டாது. கடல் உப்பைத் தாங்குவது மாலிப்டினம் கலந்த 316தான். மூன்றாவது கடைக்காரர் கேட்டவுடனே, "கடலுக்கா? அப்ப 304 வேண்டாம், செலவு பார்க்காதீங்க" என்று 316இல் எடுத்துக் கொடுத்தார். பின், வளையங்கள், 6 மி.மீ. பாலியஸ்டர் கயிறு 25 மீட்டர், எல்லாம் 1,640 ரூபாய். என் பங்கு 400 என்று அண்ணன் வாங்க மறுத்தும் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ. இதற்காகவே சென்னை வரலாம்! 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் மக்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பொடியாக அரிந்த கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எலுமிச்சை, நொறுக்கிய தட்டை. எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் போடுகிறார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப், அது தீரத் தீர ஊற்றினார்கள். பிளந்த முட்டைக்குள் பொரித்த வெங்காயமும் புளியும் வைத்து ஒன்று கொடுத்தார்கள், நான் நான்கு சாப்பிட்டேன். இரண்டு பேருக்கு 260 ரூபாய். முதல் நாள் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அழுத காசு நெஞ்சிலேயே நின்றிருந்தது, அந்தச் சூப்போடு இறங்கியது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே தோப்பு. பாலியஸ்டர் கயிற்றைப் பெரியவர் காட்டிய முறையில் நானே கோத்தேன். குச்சி செருகிச் செருகி ஒரு மணி நேரம். அவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "நிக்கும்" என்று ஒரே சொல் சொன்னார். அது போதும் எனக்கு.

படகைத் தூக்கி மணலுக்குக் கொண்டுபோய்த்தான் பாய்மரம் ஏற்றினோம். தோப்பில் ஏற்றக்கூடாது, மேலே மின்கம்பி போகிறது. அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டால் பிடித்திருப்பவர் பிழைக்க முடியாது. இந்தக் காரணத்துக்காகவே பிற்பாடு இந்தப் படகுக்குப் பாய்மர நுனியை மட்டும் மின்சாரம் கடத்தாத ஃபைபரில் செய்ய ஆரம்பித்தார்கள். எங்களுடையதிலும் அந்த நுனிதான். இருந்தாலும் மேலே வெறும் வானம் இருக்கும் இடம் பார்த்துத்தான் ஏற்றினோம்.

பாய்மரத்தைப் பின்பக்கமாகப் படுக்க வைத்து, அதன் அடியை முன்குழாயின் நடுவில் உள்ள குழியில் பின் போட்டுக் கீல்போல் மாட்டினோம். இரண்டு பக்கக் கம்பிகளையும் முதலிலேயே உடல்களில் பூட்டிவிட வேண்டும், நிமிரும்போது பக்கவாட்டில் சாயாமல் காப்பது அவைதான். அண்ணனின் நண்பர் வலைத்துணியில் நின்று தோளில் தாங்கி முன்னால் நடக்க, நான் முன்னாலிருந்து கயிற்றால் இழுத்தேன். பாதிக்கு மேல் நிமிர்ந்ததும் "நிறுத்து, நிறுத்து!" என்று அண்ணன் கத்தினார். இடப்பக்கக் கம்பி பின்மூலையின் அடியில் சிக்கியிருந்தது. அப்படியே இழுத்திருந்தால் கம்பி அறுந்து மொத்தமும் சாய்ந்திருக்கும். அப்படியே பிடித்து நின்ற அந்த அரை நிமிடத்தில்தான் என் உள்ளங்கை கிழிந்தது. சிக்கெடுத்தார், மறுபடி இழுத்தேன், எட்டு மீட்டரும் நிமிர்ந்து நின்றது. முன்கம்பியை, முதல் நாள் வாங்கிய பின்னைப் போட்டுப் பூட்டி, வளையம் போட்டு, மேலே இன்சுலேஷன் டேப்பும் சுற்றினோம். டேப் இல்லையென்றால் ஓடுகிற கயிறு வளையத்தைக் கவ்வி இழுத்துவிடும்.

இரண்டு சுக்கானும் மாட்டி, உடல்களின் பின்பக்கத் துளைகளில் தக்கை திருகினோம். தக்கையை மறந்து கடலில் தள்ளினால் இரண்டு உடலும் மெல்ல நீர் குடிக்கும். இதை மூன்று பேரும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்தோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பகல் ஒரு மணிக்குக் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து எழுந்தது. படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி வைத்துத்தான் பாய் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாதியிலேயே காற்றைப் பிடித்துக்கொண்டு படகு மணலில் இழுபடும். குறுக்கே குச்சிகள் வைத்த பெரிய பாய், பள்ளத்தில் படபடவென்று ஏறியது. உச்சியிலிருக்கும் கொக்கியில் மாட்டவே எட்டு முயற்சி.

பிறகு லைஃப் ஜாக்கெட் போட்டு, இடுப்பளவு நீரில் தள்ளி, ஏறினோம். முதல் அலை முகத்தில் அறைந்தது. இரண்டாவது அலையில் மூக்கு எழும்பி இறங்கியது, மூன்றாவதைத் தாண்டியதும் அண்ணன் பாயை இழுத்துப் பிடித்தார். பக்கவாட்டுக் காற்றில் படகு வடகிழக்கே விர்ரென்று பாய்ந்தது. என்ஜின் சத்தம் இல்லை. வலைத்துணிக்குக் கீழே தண்ணீர் சீறுகிறது, காற்றுப் பக்கத்து உடல் லேசாகத் தூக்குகிறது, நான் கட்டிய கயிறு என் முழங்காலுக்கு அடியில் இறுகி நிற்கிறது. நாற்பது நிமிடம். ஒன்றரை நாள் உழைப்புக்கு நாற்பது நிமிடம்தானா என்று கேட்டால், அந்த ஒன்றரை நாளும் எனக்கு வேண்டும் என்பேன். யாரோ கோத்து வைத்த படகில் வெறுமனே ஏறி உட்கார்ந்திருந்தால், கம்பி ஒவ்வொன்றும் எதற்கு முனகுகிறது என்று எனக்குப் புரிந்திருக்காது.

கரையேறியதும் பக்கத்துக் கடையில் சங்கரா மீன் குழம்பும் நெத்திலி வறுவலும், 180 ரூபாய். திரும்பி வர அரசுப் பேருந்து. கணக்குப் பார்த்தால் எல்லாம் சேர்த்து மூன்றாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. அந்த ஆம்னி பஸ்ஸும் ஆட்டோவும் இல்லாவிட்டால் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டியிருக்காது.

மிஞ்சிய கயிறு மூன்று மீட்டர் பையில் வந்துவிட்டது. குளித்த கையோடு மாடியில் தொய்ந்து கிடந்த துணிக்கொடியை அவிழ்த்து, குச்சி செருகி, அந்தக் கட்டையே போட்டேன். ஈரப் போர்வை தொங்குகிறது, கயிறு இறங்கவில்லை.