முடக்கத்தானும் டைக்ளோஃபெனாக்கும்: நெறிமுறைக் குழுவின் முன் இரண்டு முறை

எங்கள் ஆச்சி மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசையும் சாப்பிடுவார், டைக்ளோஃபெனாக் மாத்திரையும் விழுங்குவார். மாத்திரையால் வயிறு புண்ணாகி அவர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவள் நான். இரண்டும் ஒன்றுக்கொன்று வலுவூட்டுமானால் மாத்திரையின் அளவைக் குறைக்கலாமே என்ற ஆசையில்தான், பாளையங்கோட்டையில் எம்.ஃபார்ம். படித்தபோது அதையே ஆய்வாக எடுத்தேன்.

விலங்குகளில் சோதிக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். படிவத்தில் நான்கு பிரிவுகள் எழுதினேன்: வெறும் கரைசல், மருந்து மட்டும், சாறு மட்டும், இரண்டும் சேர்த்து. பிரிவுக்கு 6 சுண்டெலிகள், மொத்தம் 24. குறைவாகத்தானே கேட்கிறோம், கிடைத்துவிடும் என்று நம்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இரண்டைக் கொடுத்தால் ஒன்றைவிட அதிகம் வலி குறையத்தானே செய்யும்? அதைக் காட்டவா அம்மா 24 உயிர்?" என்று கேட்டார் குழுவிலிருந்த கால்நடை மருத்துவர். பதில் சொல்ல முடியவில்லை. வண்ணார்பேட்டை வரை பஸ்ஸில் அந்தக் கேள்வியோடுதான் போனேன்.

அவர் கேட்டது நியாயம். ஒரு மருந்து 10 மில்லிகிராமிலும் இன்னொன்று 100 மில்லிகிராமிலும் தனித்தனியே வலியைப் பாதியாக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். 5-உம் 50-உம் சேர்ந்து அதே வேலையைச் செய்தால் அது வெறும் கூட்டல். 3-உம் 30-உம் போதுமென்றால்தான் வலுவூட்டல். வரைபடத்தின் ஓர் அச்சில் 10, மற்றதில் 100 என்று குறித்து நேர்கோட்டால் இணைக்க வேண்டும். கலவையின் புள்ளி அந்தக் கோட்டுக்குக் கீழே, பிழை எல்லையையும் தாண்டி விலகி விழ வேண்டும். இதற்குப் பெயர் ஐசோபோலோகிராம். என் பழைய திட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவுதான்; வலியைப் பாதியாக்கும் அளவைக் கண்டுபிடித்து அந்தக் கோட்டை வரையவே வழியில்லை.

மருந்து, சாறு, கலவை ஒவ்வொன்றும் நான்கு அளவுகளில், அவற்றோடு வெறும் கரைசல் பிரிவு ஒன்று, பிரிவுக்கு அதே 6 என்று மாற்றி எழுதியபோது கணக்கு 78 எலிகளுக்குப் போனது. 24-ஐ மறுத்தவர்களிடம் 78 கேட்கக் கை கூசியது. ஆனால் இந்த 78-க்கு ஒரு பதில் கிடைக்கும்; அந்த 24 வீணாகத்தான் போயிருக்கும்.

இரண்டாம் முறையும் அவர்தான் கேட்டார்: "சாறு எலியைத் தூங்க வைத்தால்?" வயிற்றில் அசிட்டிக் அமிலம் செலுத்தியதும் எலி வலியில் உடலை நீட்டி முறுக்கும். 20 நிமிடம் அந்த முறுக்கல்களை எண்ணுவதே சோதனை. மயங்கிக் கிடக்கும் எலியும் முறுக்காது, வலி தீர்ந்ததென்று நான் எழுதிவிடுவேன். இதற்கென்று தனி எலிகள் வேண்டாம், அமிலத்துக்கு முன் அதே எலியைச் சுழலும் உருளையில் நிற்கவைத்துப் பாருங்கள், மயக்கமென்றால் விழுந்துவிடும் என்று வழியும் அவரே சொன்னார். எண்ணிக்கை முடிந்த உடனே எலிகளை வலியின்றிக் கருணைக்கொலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்தானது.

சோதனை தொடங்கியது மே மாதம். முதல் நாளே மின்சாரம் போய், விலங்குக் கூடத்தின் வெப்பம் ஏறிவிட்டது. அன்று எந்த எலிக்கும் ஊசி போடவில்லை. மறுநாள் காலை தோழி ஊசிகளில் எழுத்துக் குறி மட்டும் இட்டுக் கொடுத்தாள். எதில் என்ன இருக்கிறது என்று எண்ணுகிற எனக்குத் தெரியக் கூடாது. முதல் எலி உருளையிலிருந்து விழாமல் நின்றது. கடிகாரத்தை அழுத்திவிட்டு எண்ணத் தொடங்கினேன்.